சேவையகக் கணினியைத் தெரிதல்

கல்லூரிகள் தம் பதிவுகளை ஏடுகளில் எழுதிப் பெட்டகத்துள் வைத்துப் பூட்டிய காலம் பெரும்பாலும் கழிந்துவிட்டது. மாணவர் வரவு, பரீட்சைப் புள்ளிகள், நூலகப் பட்டியல், ஆசிரியர் ஆக்கிய பாடக்குறிப்புக்கள், பழைய மலர்களின் ஒளிப்பிரதிகள் ஆகிய யாவும் இன்று ஒரு கணினியினுள்ளே சென்று உறைகின்றன. ஏட்டைக் கறையான் அரித்தால் அரித்த இடம் கண்ணுக்குத் தெரியும். கணினியினுள்ளே ஓர் எழுத்து மாறினால், அது மாறியது என்பதே பலகாலம் தெரியாது. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

பழைய மாணவர் பலர், உள்நாட்டிலும் கடல்கடந்த நாடுகளிலும் இருந்து, அன்னைக் கல்லூரிக்குக் கணினி வாங்கிக் கொடுக்கும் நல்லெண்ணம் உடையவர். எதனை வாங்கலாம் என்று அவர்கள் எம்மை வினவுவதுண்டு. விலையுயர்ந்ததை வாங்குதல் நன்று என்பாரும், புதியதை வாங்குதல் நன்று என்பாரும், பெயர்பெற்ற நிறுவனத்தாரிடம் வாங்குதல் நன்று என்பாரும் உளர். இம்மூன்றும் முற்றிலும் பிழையல்ல. ஆயின் இவற்றுள் ஒன்றேனும் போதிய விடையன்று. திறந்த மூலப் பணிசெயல் முறைமையை இயக்குதற்குச் சேவையகம் தெரிவோர் அறியவேண்டியது வேறொன்று உண்டு. அதனை விளக்குதலே ஈண்டு எமது நோக்கம்.

சேவையகமும் முறைமையும்

சேவையகம் என்பது பிற கணினிகள் வலையமைப்பின் வழியாகக் கேட்பனவற்றை வழங்கும் கணினி. மேசைக் கணினியை மாலையில் நிறுத்திவிட்டு வீடு செல்லலாம். சேவையகமோ இரவும் பகலும், விடுமுறை நாளிலும், ஆண்டுக்கணக்காக ஓடிக்கொண்டிருப்பது. அதனுள்ளே செயலி, நினைவகம், வன்தட்டுக்கள், வலையமைப்பு அட்டை முதலிய உறுப்புக்கள் உள. அவற்றை ஒருங்கே ஆளும் மென்பொருளே பணிசெயல் முறைமை எனப்படும்.

தன் மூல நிரலை யாவரும் படிக்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமை தரும் முறைமை திறந்த மூல முறைமை ஆகும். பின்லாந்து மாணவராக இருந்த லினஸ் ரோவல்ட்ஸ் 1991ஆம் ஆண்டிலே தொடக்கிய லினக்ஸ் இவ்வகையினது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தில் வளர்ந்த மரபிலே வந்து, 1993ஆம் ஆண்டிலே தன் முதற் பதிப்பைக் கண்ட பிரீபீஎஸ்டி என்பதும் இவ்வகையினதே. திரைப்படங்களை உலகெங்கும் வழங்கும் நெற்பிளிக்ஸ் நிறுவனம் தன் வழங்கற் சேவையகங்களிலே பிரீபீஎஸ்டியைப் பயன்படுத்துகின்றது. இக்கட்டுரையில் நாம் எடுத்துக்காட்டாகக் கொள்வது அம்முறைமையையே. ஈண்டுக் கூறுவனவற்றிற் பெரும்பாலன லினக்ஸுக்கும் பொருந்தும்.

இம்முறைமைகள் விலையின்றிக் கிடைப்பன. ஆயின் விலையின்றிக் கிடைக்கும் பொருளுக்கு ஒரு கடப்பாடு உண்டு. வன்பொருள் செய்வோர் தம் உறுப்பைச் சந்தைக்கு விடும்பொழுது, பெருவழக்கான வணிக முறைமைக்கு வேண்டிய செலுத்தியைத் தாமே எழுதிக் கொடுத்துவிடுவர். செலுத்தி என்பது ஓர் உறுப்போடு எவ்வாறு பேசவேண்டும் என்பதை முறைமைக்குக் கற்பிக்கும் சிறு மென்பொருள். திறந்த மூல முறைமைக்குச் செலுத்தியைச் சில நிறுவனத்தார் தாமே எழுதி உதவுகின்றனர்; சிலர் உறுப்பின் விவரக் கையேட்டை மட்டும் வெளியிட, தொண்டர் எழுதுகின்றனர்; வேறு சிலரோ கையேட்டையும் வெளியிடார். இக்கடைசி வகையினரின் உறுப்பு எத்துணை விரைவுடையதாயினும் எமது முறைமையின் முன்னே ஊமையாய் இருக்கும். அல்லது திக்கித் திக்கிப் பேசும்.

ஆகவே உறுப்பும் முறைமையும் பொருந்துமா என்று பார்க்கும் பொறுப்பு வாங்குவோரையே சாரும். அப்பொறுப்பை இரு விதிகளுள் அடக்கலாம் என்பது எமது துணிபு. பிறர் நெடுங்காலம் ஓட்டிப் பழகிய உறுப்பையே தெரிக என்பது முதல் விதி. பிழை செய்யாத இயந்திரம் உலகில் இல்லையாதலின், தன் பிழையை மறைக்காது வெளியிடும் இயந்திரத்தையே தெரிக என்பது இரண்டாம் விதி. இனி ஒவ்வோர் உறுப்பாக எடுத்து இவ்விதிகள் செயற்படுமாற்றை நோக்குவாம்.

புதுமையும் பழகிய பொருளும்

பிரீபீஎஸ்டி தன் பதிப்பு ஒவ்வொன்றுடனும் வன்பொருட் குறிப்புக்கள் என்னும் ஓர் ஆவணத்தை வெளியிடுகின்றது. எந்தச் செலுத்தி எந்தெந்த உறுப்பை இயக்கும் என்பது அதிலே நிரல்பட எழுதப்பட்டிருக்கும். கடைக்குச் செல்லுமுன் வாங்குவோர் படிக்கவேண்டிய முதல் நூல் இதுவே. கணினியின் பெயரை அதில் தேடுதல் பயன் தராது. அக்கணினியினுள்ளே இருக்கும் வலையமைப்புச் சில்லு யாது, வட்டு இணைப்புச் சில்லு யாது என விற்போனிடம் கேட்டறிந்து, அவற்றின் பெயரையே தேடுதல் வேண்டும்.

புதுமையின் இடர்ப்பாட்டுக்கு ஒரு சான்று கூறுவோம். 2020ஆம் ஆண்டளவில் வெளிவந்த தாய்ப்பலகைகள் பலவற்றிலே, இன்ரெல் நிறுவனத்தின் ஐ225 என்னும் வலையமைப்புச் சில்லு இடம்பெற்றது. வலையமைப்புத் துறையிலே அந்நிறுவனத்தின் முந்தைய சில்லுக்கள் நற்பெயர் ஈட்டியவை. ஆயினும் இப்புதிய சில்லை இயக்கும் செலுத்தி, 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியான 13.1ஆம் பதிப்பிலேதான் பிரீபீஎஸ்டியில் முதன்முதலாக இடம்பெற்றது. புதுமையை நாடி அப்பலகையை முன்னரே வாங்கியவர் வேறோர் அட்டையையும் வாங்கிச் செருக நேர்ந்தது. அதே நிறுவனத்தின் பழைய ஐ350 சில்லை வாங்கியவர்க்கோ அத்தொல்லை இருந்ததில்லை. நூறு பேர் ஓட்டிப் பார்த்து, பிழை கண்டு, செலுத்தியைத் திருத்தி முடித்த உறுப்பே நமக்கு உகந்தது. இரண்டு மூன்று ஆண்டு பழகிய வடிவமைப்பை வாங்குவோர் விரைவிலே சிறிது இழப்பர். உறக்கத்திலே இழப்பது ஒன்றுமில்லை.

பெயர்பெற்ற நிறுவனம் என்பது மட்டும் காப்பாகாது என்பதையும் மறத்தலாகாது. 2017ஆம் ஆண்டிலே இன்ரெல் தன் அற்றம் சி2000 வரிசைச் செயலிகளிலே கடிகாரச் சைகை தரும் பகுதி நாளடைவிற் செயலிழக்கக்கூடும் என ஒப்புக்கொண்டது. அது செயலிழந்த கணினி மீண்டும் தொடங்காது. அச்செயலி சேவையகங்களிலும் வலையமைப்புக் கருவிகளிலும் பரவலாக இடம்பெற்றிருந்தது. இத்தகைய திருத்தப் பட்டியல்களைச் செயலி செய்வோர் வெளியிட்டு வருகின்றனர். வாங்கும் முன்னும், வாங்கிய பின்னும் ஆண்டுக்கொருமுறையேனும் அவற்றைப் பார்த்தல் நன்று.

நினைவகம்

இனி இரண்டாம் விதிக்கு வருவோம். கணினி தன் வேலையின்போது எழுத்துக்களை நினைவகத்திலே தற்காலிகமாக வைக்கின்றது. அண்டவெளியிலிருந்து வரும் துகள் தாக்கியோ, சில்லின் குறைபாட்டாலோ, அங்கே ஒரு பிற்று சுழியத்திலிருந்து ஒன்றாக மாறிவிடக்கூடும். 48 புள்ளி பெற்ற மாணவனின் இலக்கத்திலே ஒரு பிற்று மாறினால் அது 49 ஆகலாம். 112 ஆகவும் கூடும். 112 ஆனால் எவரேனும் காண்பர். 49 ஆனால் யாவர் காண்பர்?

இதற்கு மருந்து ஈ.சீ.சீ. எனப்படும் பிழைதிருத்து நினைவகம். இதன் அடிப்படைக் கணிதத்தை 1950ஆம் ஆண்டிலே பெல் ஆய்வுகூடத்து அறிஞரான றிச்சட் ஹமிங் வெளியிட்டார். வழமையான அமைப்பிலே ஒவ்வொரு 64 பிற்றுத் தரவோடும் 8 சரிபார்ப்புப் பிற்றுக்கள் சேர்த்து வைக்கப்படும். ஒரு பிற்று மாறினால் கணினி அதனைத் தானே திருத்தி, திருத்தியதை அறிக்கையிலும் எழுதும். இரு பிற்றுக்கள் மாறினால் திருத்த இயலாது. ஆயின் பிழை உண்டென்பதைக் கண்டு கூறும்.

இத்தகைய பிழை அரிதினும் அரிதன்றோ எனச் சிலர் ஐயுறலாம். கூகிள் நிறுவனத்தின் சேவையகங்களை இரண்டரை ஆண்டுக் காலம் ஆராய்ந்து, ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துப் பியாங்கா சுரோடரும் அந்நிறுவனத்தார் இருவரும் 2009ஆம் ஆண்டிலே ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆண்டொன்றிலே ஏறத்தாழ மூன்றிலொரு பங்குக் கணினிகள் திருத்தத்தக்க நினைவகப் பிழை ஒன்றையேனும் சந்தித்தன என்றும், நினைவகப் பலகைகளுள் ஏறத்தாழ 8 வீதம் பிழை காட்டின என்றும் அதனால் அறிந்தோம். ஈ.சீ.சீ. இல்லாத கணினிகளிலும் பிழை நிகழ்ந்தே இருக்கும். அவற்றை எண்ணுவார் இல்லை என்பதே வேறுபாடு.

ஈண்டு வாங்குவோர் கவனிக்கவேண்டியவை மூன்று. நினைவகம் மட்டுமன்றிச் செயலியும் தாய்ப்பலகையும் ஈ.சீ.சீ.யை ஏற்றுச் செயற்படுத்த வேண்டும். மூன்றனுள் ஒன்று தவறினும் பயனில்லை. இது முதலாவது. சேவையக நினைவகத்திலே பதிவகமுடையது, பதிவகமில்லாதது என இரு வகை உண்டு. ஒன்றற்குரிய பலகையிலே மற்றையது இயங்காது. இது இரண்டாவது. டீ.டீ.ஆர்.5 என்னும் புதுத்தலைமுறை நினைவகம் தன் சில்லினுள்ளேயே ஒருவகைப் பிழைதிருத்தம் உடையது என்பது உண்மை. ஆயின் சில்லுக்கும் செயலிக்கும் இடைவழியிலே நிகழும் பிழையை அது காவாது. கண்ட பிழையை முறைமைக்கு அறிவிப்பதும் இல்லை. விற்போன் அதனைக் காட்டி ஈ.சீ.சீ. உண்டு என்பானாயின் நம்பற்க. இது மூன்றாவது.

வட்டுக்களும் அவற்றை இணைக்கும் அட்டையும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் நாம் பொறுப்பேற்றிருந்த ஓர் அலுவலகத்திலே நிகழ்ந்ததை இவ்விடத்திற் கூறுதல் வேண்டும். அங்கே நான்கு வன்தட்டுக்களை ஒன்றுபோற் காட்டும் றெயிட் அட்டை பூட்டிய சேவையகம் ஒன்றை நாமே தெரிந்து வாங்குவித்தோம். ஒரு வட்டுப் பழுதுறினும் பதிவுகள் அழியா என்பது அவ்வட்டையின் சிறப்பு. ஐந்தாம் ஆண்டிலே வட்டு எதுவும் பழுதுறவில்லை, அட்டையே பழுதுற்றது. நான்கு வட்டுக்களும் நலமாக இருந்தும், அவ்வட்டை தனக்கே உரிய முறையிற் பதிவுகளைப் பகுத்து எழுதியிருந்தமையால், வேறு எந்தக் கணினியாலும் அவற்றைப் படிக்க இயலவில்லை. அவ்வகை அட்டை சந்தையிலே நின்றுபோயிருந்தது. பழைய பொருள் விற்பார் ஒருவரிடம் அதுபோன்ற ஒன்றைத் தேடிப் பெற ஏழு கிழமை சென்றது. அவ்வேழு கிழமையும் அலுவலகத்தார் தம் கணக்கைக் கடதாசியில் எழுதினர். எவரும் எம்மைக் கடிந்துரைத்தாரல்லர். எனினும் தெரிந்தவர் நாமே ஆதலிற் பிழையும் எமதே.

அப்பாடத்தின் பின்னர் நாம் கைக்கொள்ளும் முறை வேறு. வட்டுக்களை மறைத்துத் தன் ஆட்சியில் வைக்கும் அட்டையை விடுத்து, அவற்றை உள்ளபடி முறைமைக்குக் காட்டும் எளிய இணைப்பு அட்டையைத் தெரிகின்றோம். எல்.எஸ்.ஐ. நிறுவனத்தில் தோன்றிப் பின்னர்ப் புறோட்கொம் வசமான எஸ்.ஏ.எஸ்.2008, எஸ்.ஏ.எஸ்.3008 என்னும் சில்லுக்கள் பூண்ட அட்டைகள் இவ்வகையில் நெடுங்காலம் பழகியவை. பிரீபீஎஸ்டியிலே அவற்றுக்கு உறுதியான செலுத்திகள் உள. அவ்வட்டைகள் இருவகை நிலைபொருளுடன் கிடைப்பன. றெயிட் வேலையைச் செய்யாது வட்டுக்களை நேரே காட்டும் ஐ.டீ. வகை நிலைபொருளே நமக்கு வேண்டியது.

றெயிட் அட்டை செய்த வேலையை இப்பொழுது முறைமையே செய்கின்றது. சண் மைக்கிறோசிஸ்ரம்ஸ் நிறுவனத்திலே தோன்றி, 2005ஆம் ஆண்டிலே திறந்த மூலமாக வெளியிடப்பட்டு, 2008ஆம் ஆண்டிலே பிரீபீஎஸ்டியின் 7.0ஆம் பதிப்பில் இடம்பெற்ற இசெட்.எவ்.எஸ். என்னும் கோப்பு முறைமை, எழுதும் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சரிபார்ப்புத் தொகையைக் கணித்து வேறிடத்தில் வைக்கின்றது. படிக்கும்போது தொகை ஒவ்வாவிடின், இணை வட்டிலிருந்து நல்ல பிரதியை எடுத்து, கெட்டதைத் திருத்தி, அதனையும் அறிவிக்கின்றது. கணினியே பழுதுறினும், வட்டுக்களைக் கழற்றி, அக்கோப்பு முறைமை அறிந்த வேறெந்தக் கணினியிலும் பூட்டிப் படிக்கலாம். ஏழு கிழமை வேண்டா. ஒரு பிற்பகல் போதும். ஆயினும் நினைவகத்திலேயே எழுத்து மாறிவிட்டால், மாறிய எழுத்துக்கே சரியான தொகை எழுதப்பட்டுவிடும். நினைவகத்தை முன்னர் வற்புறுத்தியது இதனாலேயே.

வட்டுக்களைப் பற்றியும் சில கூறுவோம். கூகிள் நிறுவனத்தார் ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட வன்தட்டுக்களை ஆராய்ந்து 2007ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஆய்வு இரு செய்திகளைத் தந்தது. தன் பரப்பைத் தானே சோதிக்கும்போது முதற் பிழையைக் கண்ட வட்டு, அடுத்த 60 நாளிலே பழுதுறும் வாய்ப்பு ஏனையவற்றினும் 39 மடங்கு மிகுதி என்பது ஒன்று. பழுதுற்ற வட்டுக்களிற் பாதிக்கு மேற்பட்டவை முக்கிய முன்னறிகுறி எதனையும் காட்டாமலே பழுதுற்றன என்பது மற்றொன்று. எனவே அறிகுறி கண்டவுடன் வட்டை மாற்றுக. அறிகுறி இல்லை என்று கவலையற்று இருந்துவிடற்க.

2020ஆம் ஆண்டிலே வெளிப்பட்ட செய்தி ஒன்றும் வாங்குவோர்க்குப் பாடமாகும். வெஸ்ரேண் டிஜிற்றல் நிறுவனம், வலையமைப்புச் சேமிப்புக்கென விற்ற சிவப்பு வரிசை வட்டுக்கள் சிலவற்றிலே, ஓடு வேய்ந்தாற்போலத் தடத்தின்மேற் தடம் சிறிது படியுமாறு எழுதும் முறையைச் சொல்லாமலே புகுத்தியிருந்தமை தெரியவந்தது. இம்முறையிலே ஓரிடத்தைத் திருத்த அயலிடங்களையும் மீண்டும் எழுதவேண்டும். நாளாந்த வேலைக்கு அது தடையாகாது. பழுதுற்ற வட்டை நீக்கிப் புதியதை நிரப்பும் நெருக்கடி வேளையிலேதான் அது தளர்ந்து நின்றது. பின்னர் அந்நிறுவனம் எந்த வட்டு எம்முறையினது என்பதை வெளியிட்டது. சேவையகத்துக்கு வாங்கும்போது வழமையான தடமுறை வட்டா என்பதை மாதிரி இலக்கத்தைக் கொண்டு உறுதி செய்க.

சுழலும் வட்டை விடுத்துத் திண்மநிலை வட்டை வாங்குவோரும் ஒன்றை அறிதல் வேண்டும். 2019ஆம் ஆண்டு நவம்பரிலே ஹியூலெற் பக்கார்ட் என்ரபிறைஸ் நிறுவனம், தான் விற்ற சேவையக வட்டுக்கள் சில, நிலைபொருட் பிழையால், 32,768 மணிநேரம் ஓடி முடிந்ததும் செயலற்றுப் பதிவுகளையும் இழந்துவிடும் என அறிவித்துத் திருத்தம் வழங்கியது. அது மூன்றாண்டும் 270 நாளும் 8 மணிநேரமும் ஆகும். இரண்டைப் பதினைந்து முறை பெருக்கினால் வரும் எண் அஃது என்பதைக் கணித மாணவர் உடனே காண்பர். ஒரே நாளிற் பூட்டிய எட்டு வட்டுக்கள் ஒரே மணியிலே அணையுமாயின், ஒன்றற்கொன்று துணையாக வைத்ததன் பயன் யாது? ஆகவே இணை வட்டுக்களை வெவ்வேறு வகையிலோ வெவ்வேறு காலத்திலோ வாங்குதலும், நிலைபொருளைப் புதுப்பித்தலும் வேண்டும்.

மின்சாரமும் இடமும்

2022ஆம் ஆண்டிலே நம் நாட்டிலே நாளொன்றுக்குப் 13 மணிநேரம்வரை மின்வெட்டு இருந்ததை வாசகர் மறந்திரார். மின்சாரம் திடீரென நிற்பதும் மீள்வதும் கணினிக்குப் பெரும் பகை. இரு மின்வழங்கிகள் பூண்ட சேவையகத்தைத் தெரிந்து, குறைந்தது ஒன்றையேனும் யூ.பி.எஸ். கருவியோடு இணைத்தல் வேண்டும். அக்கருவி மின்கலம் தீருமுன் கணினிக்குச் செய்தி அனுப்பி, அதனை ஒழுங்காக நிறுத்தவல்லதாயும் இருத்தல் வேண்டும். திண்மநிலை வட்டாயின், மின்சாரம் நின்ற கணத்திலே கைவசமுள்ளதை எழுதி முடிக்கத் தன்னுள்ளே மின்தேக்கிகள் கொண்டதையே தெரிக. மலிவான வட்டுக்கள் சில, எழுதி முடிக்காததை முடித்துவிட்டேன் எனக் கூறுவன.

பெருநிறுவனங்கள் கழித்துவிட்ட பழைய சேவையகங்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. நாம் கூறிய முதல் விதிக்கு அவை பெரிதும் உகந்தவை. செலுத்திகள் முதிர்ந்தவை, உதிரி உறுப்புக்களும் எளிதிற் கிடைப்பவை. ஆயின் விலையைப் பார்ப்போர் மின்கட்டணத்தையும் பார்த்தல் வேண்டும். 150 உவாற்று வீதம் இடைவிடாது ஓடும் கணினி, 30 நாளிலே 108 அலகு மின்சாரத்தை உண்ணும். 40 உவாற்றுக் கணினி ஏறத்தாழ 29 அலகோடு அமையும். கட்டணத்தைக் கட்டப்போவது கல்லூரியே அன்றி நன்கொடையாளர் அல்லர். பழைய கணினியை வாங்கினும், பழைய வட்டை வாங்கற்க. கடற்காற்றும் புழுதியும் படும் அறையிலே வைத்தலும் ஆகாது.

தொலைவிலிருந்து கணினியை நிறுத்தவும் தொடக்கவும் உதவும் ஐ.பி.எம்.ஐ. என்னும் வசதி சேவையகத் தாய்ப்பலகைகளிலே உண்டு. இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் பழைய மாணவர் நள்ளிரவிலே கல்லூரிக்குக் கைகொடுக்க இது வழிசெய்யும். ஆயின் அவ்வாயிலைப் பொது இணையத்துக்குத் திறந்து வைத்தல், வீட்டுச் சாவியைப் படலையிலே தொங்கவிடுதலை ஒக்கும். காவலுள்ள தனிவழியாகவே அதனை அணுகுதல் வேண்டும்.

சோதித்தலும் காத்தலும்

பணம் கொடுக்குமுன் செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. பிரீபீஎஸ்டியை ஒரு யூ.எஸ்.பி. கோலிலே எழுதி எடுத்துச் சென்று, அக்கணினியை அதிலிருந்து தொடக்குக. தொடங்கும்போது முறைமை தான் கண்ட உறுப்பு ஒவ்வொன்றையும் பெயர்கூறி அறிக்கையிடும். வலையமைப்பு அட்டையும், வட்டுக்கள் அனைத்தும், நினைவகத்தின் முழு அளவும் அதிலே வரவேண்டும். பெயர் வராத உறுப்புக்குச் செலுத்தி இல்லை என்க. கோலையும் கால்மணிநேரத்தையும் கொண்டு பல இலட்சம் உரூபாப் பிழையைத் தவிர்க்கலாம்.

வாங்கி வந்தபின் உடனே பதிவுகளை ஏற்றலாகாது. நினைவகத்தை ஒரு நாள் முழுவதும் சோதனை மென்பொருளால் ஓட்டுக. வட்டுக்களின் நெடுஞ்சோதனையை நடத்துக. பின்னர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு வட்டைக் கழற்றியும், இரு மின்வழங்கிகளுள் ஒன்றை நிறுத்தியும் பார்க்க. பழுதுற்றபோது எமக்கு மின்னஞ்சல் வந்து சேர்கின்றதா என்பதையும் காண்க. இவையெல்லாம் பதிவு ஏற்றுமுன் செய்தால் சோதனை. ஏற்றியபின் தாமே நிகழ்ந்தால் விபத்து. வேலைக்கு வந்தபின்னரும், வட்டுக்களிலுள்ள அனைத்தையும் படித்துத் தொகையோடு ஒப்பிடும் தூய்மைச் சோதனையை மாதந்தோறும் நடத்துதல் வேண்டும்.

இத்தனையும் செய்தபின்னும் ஒன்று எஞ்சும். எத்துணை நல்ல சேவையகமும் ஒரே இடத்தில் இருக்கும் ஒரே பெட்டி. 1981ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அச்சான நூல்களுட் பலவற்றை வேறிடத்திலிருந்து மீளப் பெறலாயிற்று. வேறெங்கும் பிரதி இல்லாத ஏட்டுச்சுவடிகள் சென்றன சென்றனவே. அன்று ஒரு சுவடிக்குப் பிரதி எடுத்தல் பல கிழமை வேலை. இன்று ஒரு கல்லூரியின் பதிவு முழுவதையும் ஓர் இரவிலே பிறிதோர் ஊருக்கு அனுப்பலாம். ஒரு பிரதி கல்லூரியிலும், ஒரு பிரதி அருகே வேறொரு கட்டிடத்திலும், ஒரு பிரதி தொலைவிலும் இருத்தல் வேண்டும். அப்பிரதியிலிருந்து ஒரு கோப்பை எடுத்துத் திறந்து பார்க்கும் வழக்கமும் வேண்டும். திறந்து பாராத பிரதியைப் பிரதி என எண்ணற்க.

முடிவுரை

மேற்கூறியவற்றால், பெரும்பொருள் செலவிடுவோர்க்கே நல்ல சேவையகம் வாய்க்கும் என்னும் எண்ணம் தவறு என்பது பெறப்படும். வன்பொருட் குறிப்புக்களைப் படித்தல், பழகிய உறுப்பைத் தெரிதல், பிழையை வெளியிடும் நினைவகத்தையும் கோப்பு முறைமையையும் கொள்ளல், ஏற்றுமுன் சோதித்தல், பிரதி வைத்தல் ஆகிய இவை பணத்தினும் பொறுமையையே வேண்டுவன. மூல நிரலும் கையேடும் யாவர்க்கும் திறந்திருத்தலின், இவற்றைக் கற்க மாணவர்க்குத் தடையில்லை. கழித்து ஒதுக்கிய மேசைக் கணினி ஒன்றும் ஓய்வான மாலைகள் சிலவும் இருந்தால், உயர்தர வகுப்பு மாணவனும் பிரீபீஎஸ்டியை நிறுவி, இரு வட்டுக்களை இணையாக்கி, ஒன்றைக் கழற்றி, மீட்டுப் பழகலாம். அவ்வாறு பழகிய மாணவர் சிலர் கல்லூரியிலே எப்பொழுதும் இருத்தல், விலைமிக்க சேவையகத்தினும் பெரிய காப்பாகும்.

இம்மலரை ஆக்கியோர், பழைய வரவேடுகளையும் பழைய சஞ்சிகைகளையும் புரட்டியே கல்லூரியின் வரலாற்றைத் தொகுத்தனர். அவ்வேடுகளை எவரோ கறையானிலிருந்து காத்து வைத்தமையால் அது கைகூடிற்று. இன்று கல்லூரியிலே பயிலும் சிறுவரின் பெயரும் புகழும் கணினியினுள்ளேயே எழுதப்படுகின்றன. அடுத்த விழாவுக்கு மலர் தொகுக்க வருவோர் அவற்றைத் தேடுவர். எழுத்துப் பிசகாது, பெயர் மாறாது அவற்றை அவர்கள் கையிற் கொடுத்தல் எம் தலைமுறையின் கடனாகும்.